உங்கள் ரசனையில் வர்க்கத்தின் தடத்தைக் கண்டறிவது எப்படி

நமக்குப் பிடித்த பாட்டும், வீட்டுச் சுவரின் நிறமும், உடுத்தும் துணியும் நாமே தேர்ந்தெடுத்தவை என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். பிறந்த வீட்டின் வசதியும், பெற்றோரின் படிப்பும், அவர்கள் பார்த்த வேலையும் அந்தத் தேர்வுக்குள் எவ்வளவு தூரம் நுழைந்திருக்கின்றன என்பதைச் சமூகவியலாளர்கள் நூறாண்டுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கையாண்ட வழிகளில் சிலவற்றை ஒருவர் தன் சொந்த ரசனையின் மீதே செலுத்திப் பார்க்கலாம். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும், இரண்டு மூன்று வாரப் பொறுமையும், கொஞ்சம் வெட்கத்தைத் தாங்கும் மனமும் இருந்தால் போதும். ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது தன்னைத்தானே சோதித்துக்கொள்வதற்கான முறை. அடுத்தவரை எடைபோடுவதற்கு இதைக் கையில் எடுத்தால் முடிவுகள் பெரும்பாலும் தவறாகவே வரும். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பிடிக்காதவற்றிலிருந்து தொடங்குங்கள்

பிடித்தவற்றைப் பட்டியலிடச் சொன்னால் எல்லோரும் சற்று மினுக்கித்தான் எழுதுவோம். நோட்டை யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தாலும், தோளுக்குப் பின்னாலிருந்து யாரோ எட்டிப் பார்ப்பது போலவே இருக்கும். ஆகவே முதல் பக்கத்தில் உங்களுக்குப் பிடிக்காதவற்றை எழுதுங்கள். எந்த வகை இசையைக் கேட்டால் நிறுத்தச் சொல்லத் தோன்றுகிறது, எந்த நிறச் சேர்க்கை கண்ணை உறுத்துகிறது, எந்த நிகழ்ச்சி ஓடும் அறையில் உட்கார முடியவில்லை, எப்படிச் சிரிப்பவர்களைக் கண்டால் முகம் சுளிக்கிறது, எந்த மாதிரி வரவேற்பறையில் கால் வைத்ததும் மனம் ஒரு படி கீழே இறங்குகிறது என்று எழுதிக்கொண்டே போங்கள். இருபது இருபத்தைந்து வரட்டும்.

விருப்பத்தைவிட வெறுப்பு அதிகம் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் பெத்தனி பிரைசன், 1993-இல் அந்நாட்டில் எடுக்கப்பட்ட பொதுச் சமூகக் கணக்கெடுப்பில் இசை பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகளை ஆராய்ந்து, 1996-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். படிப்பு கூடக் கூட, ஒருவர் பிடிக்கவில்லை என்று ஒதுக்கும் இசை வகைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது. படித்தவர்களின் பரந்த மனம் என்று இதை மெச்சிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் அந்தப் பரந்த மனக்காரர்கள் எவற்றை ஒதுக்கினார்கள் என்று பார்த்தபோது ராப், ஹெவி மெட்டல், கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டு), காஸ்பல் (கிறித்தவ பக்திப் பாட்டு) ஆகிய நான்கும் முன்னே வந்தன. மிகக் குறைவாகப் படித்தவர்கள் விரும்பிக் கேட்ட வகைகளும் அவைதான். மற்ற எல்லாவற்றுக்கும் திறந்திருந்த கதவு, இந்த நான்கின் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது.

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொன்றின் பக்கத்திலும், அதைப் பற்றிப் பேசும்போது உங்கள் வாயில் உண்மையாகவே வரும் சொல்லை எழுதுங்கள். எழுத்துக்காகத் திருத்த வேண்டாம். "லோக்கல்", "மட்டம்", "சீப்", "ஜிகினா", "பட்டிக்காடு" போன்றவை ஒரு பக்கம் சேரும். "பந்தா", "அலட்டல்", "பீட்டர்", "சீன் போடுவது" போன்றவை மறுபக்கம் சேரும். முதல் வகை கீழ்நோக்கி எறியப்படும் கல், இரண்டாவது மேல்நோக்கி எறியப்படுவது. எந்தப் பக்கம் அதிகம் எறிகிறீர்கள் என்று எண்ணினால், நீங்கள் எங்கே நிற்பதாக உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். என் நோட்டில் இரண்டும் ஏறக்குறையச் சரிபாதியாக வந்தன. நடுவில் நிற்பவனுக்கு இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: "நாகரிகம்" என்ற சொல்லுக்குள் நகரம் ஒளிந்திருக்கிறது, "பட்டிக்காட்டுத்தனம்" என்ற சொல்லில் பட்டி வெளிப்படையாகவே நிற்கிறது. நாம் வாய் திறப்பதற்கு முன்பே மொழி பாதித் தீர்ப்பை எழுதி வைத்துவிட்டது.

அந்த வெறுப்பை யாரிடம் கற்றீர்கள் என்று கேளுங்கள்

அடுத்த வேலை சற்றுக் கடினம். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் உங்களுக்கு உறுத்தாமல் இருந்த காலம் ஒன்று உண்டா, அது எந்த வயதுவரை, முதன்முதலில் யாருடைய முன்னிலையில் அது வெட்கமாக மாறியது என்ற மூன்றையும் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் விடை கிடைக்காது. ஐந்தாறுக்குக் கிடைத்தாலே போதும்.

என் பட்டியலில் ஏழாவதாக இருந்தது, சோபாவின் மேல் போட்ட பிளாஸ்டிக் உறை. பெரியம்மா வீட்டில் சோபா வாங்கி வந்தபோது சுற்றியிருந்த உறையைப் பல வருடங்கள் கழற்றவே இல்லை. தொலைக்காட்சி ரிமோட்டுக்கும் ஒரு பாலிதீன் உறை உண்டு. ரப்பர் பேண்டால் கட்டி, எண்கள் மங்கலாகத் தெரியும்படி இருக்கும். சின்ன வயதில் அந்தச் சோபா எனக்கு மிகவும் பிடிக்கும். வியர்த்த தொடை உறையோடு ஒட்டிக்கொண்டு, எழும்போது பர்ரென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே எழுந்து எழுந்து உட்காருவேன். கல்லூரி விடுதியில் வசதியான வீட்டிலிருந்து வந்த அறைத் தோழன் ஒருவன், தான் போய் வந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லும்போது, "சோபாவுக்கே ரெயின்கோட் மாட்டியிருந்தாங்கடா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அடுத்த விடுமுறைக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது, பதினைந்து வருடம் கண்ணில் படாத உறை, வாசலிலிருந்தே கண்ணில் பட்டது.

பெரியம்மாவின் கணக்கு எளிமையானது. ஒரு பொருளை வாழ்நாளில் ஒருமுறைதான் வாங்க முடியும் என்றால், அதன் அழகைப் பார்ப்பதைவிட அதைக் காப்பாற்றுவதே முக்கியம். துணியின் நெசவும் நிறமும் வெளியே தெரிய வேண்டும் என்ற என் பிற்கால ரசனை, கறை பட்டால் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்ற நிம்மதியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த நிம்மதியை யாரும் ரசனை என்ற பெயரில் வாங்குவதில்லை, ஆனால் அது இல்லாமல் அந்த ரசனை வருவதும் இல்லை. கைபேசிக்கு உறை போட்டு, திரைக்கு மேல் இன்னொரு கண்ணாடி ஒட்டி வைத்திருப்பவரை மட்டும் யாரும் கேலி செய்வதில்லை. சிரிக்க வேண்டியவர்களுடைய கைபேசிக்கும் உறை இருக்கிறது.

பணத்தையும் பழக்கத்தையும் தனித்தனியே எழுதுங்கள்

இப்போது நோட்டில் மூன்று பத்திகளுக்குக் கோடு போடுங்கள். உங்களுக்குப் பிடித்த பத்துப் பொருள்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பணம் எவ்வளவு தேவைப்பட்டது, பள்ளி கல்லூரிப் படிப்பு எவ்வளவு தேவைப்பட்டது, வீட்டில் சும்மா வளர்ந்ததாலேயே எவ்வளவு வந்தது என்று பிரித்து எழுதுங்கள். இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுவதுதான் வர்க்கத்தைப் பற்றிப் பேசும்போது நாம் செய்யும் முதல் பிழை.

இவற்றைப் பிரித்துக் காட்டியதில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியேர் பூர்தியூவின் பங்கு பெரியது. 1930-இல் தென்மேற்குப் பிரான்ஸின் கிராமம் ஒன்றில் அஞ்சல் ஊழியரின் மகனாகப் பிறந்து, நாட்டின் மிக உயர்ந்த கல்வி நிறுவனங்கள்வரை போனவர் என்பதால், ஓர் உலகத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏறும்போது கால் எங்கே இடறும் என்பது அவருக்கு உடலாலேயே தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். 1963-இலும் 1967-68-இலும் நடத்திய கணக்கெடுப்புகளில் 1,217 பேரிடம் இசை, ஓவியம், உடை, வீட்டுச் சாமான் என்று கேட்டுத் தொகுத்த தரவுகளைக் கொண்டு, 1979-இல் ரசனையைப் பற்றிய தன் பெரும் நூலை வெளியிட்டார். அதில் மூன்று இசைப் படைப்புகள் திரும்பத் திரும்ப வரும். பாஹின் "வெல் டெம்பர்டு கிளேவியர்" உயர்கல்வி ஆசிரியர்கள், கலைஞர்கள் ஆகியோர் பக்கம் குவிந்தது. ஸ்ட்ராஸின் "புளூ டான்யூப்" தொழிலாளர்கள், எழுத்தர்கள், சிறு வணிகர்கள் பக்கம் குவிந்தது. கெர்ஷ்வினின் "ராப்சடி இன் புளூ" நடுவில் இருந்தவர்களிடம் அதிகம் செல்வாக்குப் பெற்றது.

இதில் நம் நோட்டுக்கு முக்கியமானது, பணம் மட்டும் இந்த வரிசையைத் தீர்மானிக்கவில்லை என்பது. கல்லூரி ஆசிரியரைவிடப் பல மடங்கு சம்பாதித்த வணிகருக்கு, அந்த ஆசிரியரின் ரசனை வாய்க்கவில்லை. பணம் இல்லாமலே அதிகாரம் தரும் இந்தப் பரிச்சயத்துக்குப் பூர்தியூ பண்பாட்டு மூலதனம் என்று பெயரிட்டார். அவரும் உடன் பணிபுரிந்தோரும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் செய்து 1966-இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டியது: அருங்காட்சியகத்துக்குப் போகும் பழக்கம் கல்வியோடு சேர்ந்தே ஏறுகிறது. நுழைவாயில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. உள்ளே போனபின் எவ்வளவு நேரம் நிற்பது, என்ன சொல்வது என்று தெரியாதவருக்குத்தான் அது மூடியது போலத் தோன்றுகிறது.

மூன்றாவது பத்தி, அதாவது வீட்டில் சும்மா வளர்ந்ததால் வந்தது, நிரப்ப மிகவும் சிரமமானது. அது பாடமாகக் கற்றுத்தரப்படுவதில்லை. காதில் விழுந்து, கண்ணில் பட்டு, உடம்பில் ஊறி வருவது. இந்த ஊறலை ஹாபிட்டஸ் என்ற சொல்லால் பூர்தியூ குறித்தார். பள்ளியில் படித்து வந்தவருக்கும் வீட்டிலேயே வாய்த்தவருக்கும் ஒரே அளவு தகவல் தெரிந்திருக்கலாம். ஆனால் பின்னவர் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொல்வார், முன்னவர் எங்கே மாட்டிக்கொள்வோமோ என்று ஒரு நொடி இறுகுவார். பத்துப் பொருள்களில் எவற்றைப் பற்றிப் பேசும்போது உங்களுக்கு அந்த இறுக்கம் வருகிறது என்று குறியிடுங்கள்; அவை வெளியே கற்றவை.

பணம் அழகாக வேடம் போடும் இடங்களையும் தேடுங்கள். அமெரிக்கப் பொருளியலாளர் தார்ஸ்டீன் வெப்லன் 1899-இல் கையால் செய்த வெள்ளிக் கரண்டியையும் இயந்திரத்தில் செய்த அலுமினியக் கரண்டியையும் ஒப்பிட்டு, பயனில் வித்தியாசமில்லாத இரண்டில் விலை கூடியதையே கண் அழகென்று காண்கிறது என்றார். அலுமினியத்தின் கதை அவருடைய வாதத்துக்கு இன்னும் வலுச் சேர்க்கிறது. 1884-இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் சுமார் 2.8 கிலோ எடையுள்ள அலுமினியக் கூம்பைப் பொருத்தினார்கள். அப்போது அது அரிய உலோகம். 1886-இல் மின்னாற்பகுப்பால் அதைப் பிரித்தெடுக்கும் மலிவான முறை கண்டுபிடிக்கப்பட்டது. பதின்மூன்றே வருடத்தில் அது மட்டமான கரண்டிக்கு உதாரணமாகிவிட்டது. உலோகத்தின் மினுமினுப்பு அதே மினுமினுப்புதான்.

ஒரு புகைப்படத்தைக் காட்டிப் பாருங்கள்

என்ன பிடிக்கும் என்பதைவிட, எப்படிப் பிடிக்கும் என்பதில்தான் வர்க்கம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. இதை நீங்களே சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. வேலை செய்து காய்ந்த முதிய கைகளின் அண்மைப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு வளர்ப்பும் படிப்பும் உள்ள ஆறேழு பேரிடம், சம்மதம் கேட்டு, தனித்தனியாகக் காட்டுங்கள். "அழகான படம்", "கலைப் படம்" போன்ற சொற்களை நீங்கள் உச்சரித்துவிடக் கூடாது. சொன்ன கணமே சோதனை கெட்டுவிடும். "இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது?" என்று மட்டும் கேட்டு, வந்த விடையைச் சொல் மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வாக்கியமே போதும். பலரும் இரண்டாவது வாக்கியத்தில் உங்கள் முகத்தைப் படித்துத் திருத்திக்கொள்வார்கள்.

பூர்தியூவின் குழு ஒரு மூதாட்டியின் கைகளைக் கொண்ட இத்தகைய படம் ஒன்றைக் காட்டியபோது, தொழிலாளர்கள் நேரே அந்த மூதாட்டியிடம் போனார்கள்: கை எப்படிக் கோணிப்போயிருக்கிறது, எவ்வளவு உழைத்திருப்பாள், என்ன வலி வலித்திருக்கும் என்றார்கள். படிநிலையில் மேலே போகப் போக மூதாட்டி மறைந்து படம் முன்னே வந்தது. பொறியாளர் ஒருவருக்கு அது உழைப்பின் சின்னமாகவும், நாவலொன்றில் வரும் முதிய வேலைக்காரியை நினைவூட்டுவதாகவும் இருந்தது. கையைப் பார்த்தவர்களுக்கும் படத்தைப் பார்த்தவர்களுக்கும் இடையிலுள்ள அந்த விலகல்தான் இங்கே அளக்க வேண்டியது. பொருளின் அவசரத்திலிருந்து விலகி நின்று வடிவத்தை மட்டும் பார்ப்பதற்கு, அந்த அவசரம் தன்னைத் தொடாத வாழ்க்கை வேண்டும். விலகிப் பார்ப்பதே உயர்ந்த பார்வை என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். சொல்லப்போனால், கை வலித்திருக்குமே என்று முதலில் கேட்டவரும் படத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

"எனக்கு எல்லாமே பிடிக்கும்" என்று உங்கள் நோட்டில் எங்காவது எழுதியிருந்தால் அங்கே ஒரு நட்சத்திரம் போடுங்கள். அமெரிக்காவில் 1982-இலும் 1992-இலும் எடுக்கப்பட்ட கலைப் பங்கேற்புக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு, சமூகவியலாளர்கள் ரிச்சர்ட் பீட்டர்சனும் ரோஜர் கெர்னும் 1996-இல் எழுதியது இதைப் பற்றித்தான்: உயர்ந்த ரசனைக்காரர்கள் ஒதுக்குவதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் சுவைப்பவர்களாக மாறி வருகிறார்கள். வர்க்கம் கரைந்துவிட்டதாக இதைப் படித்துவிடக் கூடாது. தெருப்பாட்டையும் செவ்வியல் இசையையும் ஒரே நாளில் கேட்டு இரண்டைப் பற்றியும் சரளமாகப் பேசுபவருக்கு, அந்தச் சரளமே அடையாளச் சீட்டு. தெருப்பாட்டை மட்டும் கேட்பவருக்கு அந்தச் சீட்டு கிடைப்பதில்லை.

தர வரிசை எப்போது போடப்பட்டது என்று தேடுங்கள்

உங்கள் பட்டியலில் "உயர்ந்தது" என்று எழுதிய ஒன்றை எடுத்து, அது எந்த ஆண்டில், யாரால், எந்தக் கட்டடத்துக்குள் உயர்ந்தது என்று ஒரு மாலை நேரம் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஏமாற்றமோ வேடிக்கையோ காத்திருக்கும். ஷேக்ஸ்பியர் நாடகங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் கூலித் தொழிலாளர்களும் கூச்சலிட்டுப் பார்த்தவை. 1849 மே 10 அன்று நியூயார்க்கின் ஆஸ்டர் பிளேஸ் அரங்கில், மேட்டுக்குடியினர் விரும்பிய ஆங்கிலேய நடிகர் மெக்ரெடி நடித்துக்கொண்டிருக்க, உழைக்கும் மக்களின் நாயகனான அமெரிக்க நடிகர் ஃபாரஸ்டின் ஆதரவாளர்கள் வெளியே திரண்டார்கள். படையினர் சுட்டதில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நடந்துகொண்டிருந்த நாடகம் "மெக்பெத்". அதே போல பாஸ்டனில் ஹென்றி லீ ஹிக்கின்சன் என்ற செல்வந்தர் 1881-இல் சிம்பனி இசைக்குழுவை நிறுவினார்; 1885 முதல் இலகுவான இசைக்குத் தனித் தொடர் பிரிந்தது. கனமானது ஒரு மேடை, லேசானது ஒரு மேடை என்ற பிரிவு இசைக்குள்ளிருந்து தானாக முளைக்கவில்லை. அதற்குப் பணமும் நிர்வாகக் குழுவும் நிகழ்ச்சி நிரலும் தேவைப்பட்டன.

எங்கே தவறுவீர்கள்

தொடக்கத்தில் சொன்ன எச்சரிக்கைக்கு வருகிறேன். மேற்சொன்ன ஆய்வுகள் எல்லாம் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான பேரின் சராசரியைப் பற்றிப் பேசுகின்றன. ஒருவரின் செருப்பையோ பாட்டுப் பட்டியலையோ பார்த்து அவர் வீட்டு வருமானத்தைச் சொல்ல முயல்பவர், சராசரியைத் தனி ஆளின் கழுத்தில் மாட்டுகிறார். சாதி, பாலினம், வயது, ஊர் ஆகியவையும் ரசனைக்குள் இருக்கின்றன, அவற்றை எல்லாம் வர்க்கக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. 2011-இல் பிபிசி தொடங்கி, 2013-இல் சமூகவியலாளர் மைக் சாவேஜும் உடன் ஆய்வாளர்களும் முடிவுகளை வெளியிட்ட பிரிட்டனின் வர்க்கக் கணக்கெடுப்பில், அருங்காட்சியகம், செவ்வியல் இசை என்ற பழைய பண்பாட்டு மூலதனத்துக்குப் பக்கத்தில், கணினி விளையாட்டு, நேரடி இசை நிகழ்ச்சி, உடற்பயிற்சிக்கூடம் என்று இளையோரிடம் இன்னொன்று உருவாகி வருவது தெரிந்தது. அதே கணக்கெடுப்பு இன்னொரு பாடத்தையும் தந்தது. இணையத்தில் 1,61,000-க்கும் மேற்பட்டோர் விடையளித்தார்கள். அவர்களில் படித்தவர்களும் வசதியானவர்களும் அளவுக்கு மீறி இருந்ததால், எல்லாத் தரப்பினரையும் உள்ளடக்கிய சிறிய கணக்கெடுப்பு ஒன்றைத் தனியே நடத்த வேண்டியதாயிற்று. ரசனையைப் பற்றிக் கேள்வி கேட்டால் ஓடி வந்து பதில் சொல்லும் ஆசையே ஒரு வர்க்கத்திடம் அதிகம். இந்தக் கட்டுரையை இவ்வளவு தூரம் படித்தவரும் எழுதியவரும் அதைக் குறித்துக்கொள்வது நல்லது.

எதிர்த் திசையிலும் தவறலாம். எல்லாம் வர்க்கம்தான் என்று தெரிந்த உற்சாகத்தில், எந்தப் பாட்டும் எந்தப் பாட்டைவிடவும் நன்றாக இல்லை என்று அறிவித்துவிடுவார்கள் சிலர். ஒரு ரசனை எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. அந்தப் பாட்டு நன்றாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை கண்டபின் இரண்டாவதைக் கூச்சமில்லாமல் கேட்க முடிகிறது என்பதே என் அனுபவம்.

நோட்டை மூடி வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வேறு நிற மையில் திரும்பிப் பாருங்கள். பிடிக்காதவற்றில் ஒன்றிரண்டாவது, பழைய பாணி என்ற புதுப் பெயரோடு, விலை கூடி, வசதியானவர்களின் வீட்டுக்குள் வந்திருக்கும். அப்போது உங்கள் வெறுப்பு எவ்வளவு சீக்கிரம் தணிந்தது என்பதைத் தேதியோடு எழுதுங்கள். கடைசிப் பக்கத்தை, எங்கிருந்து வந்தது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடாதவற்றுக்கு ஒதுக்குங்கள். என்னுடையதில் அப்படி மூன்று இருக்கின்றன. அவற்றில் ஒன்று, வியர்த்த தொடை பிளாஸ்டிக்கிலிருந்து பிரியும் அந்தச் சத்தம்.